கிரீட்டின் தென்கரை: காரில் போய் ஆளில்லாக் கடற்கரைகளைத் தேடுவது எப்படி

முதல்முறை மத்தியதரைக் கடலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஓட்டல் பிடித்து, குடைகள் வரிசையாக நிற்கும் ஒரு கரையில் ஒரு வாரம் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். எங்கள் முதல் பயணமும் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது முறை ஒரு சின்ன கார் எடுத்துக்கொண்டு கிரீட் தீவின் தெற்குப் பக்கம் இறங்கினோம். செப்டம்பர் மாதக் காலை, நீண்ட மணற்கரை, எங்களைத் தவிர இன்னும் இரண்டே பேர். அன்றிலிருந்து வேறு எங்கும் போக மனம் வரவில்லை. முதல்முறையாக அப்படிப் போக நினைப்பவர்களுக்காக, எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் தீவின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

கிரேக்கத்தின் மிகப் பெரிய தீவு கிரீட். கிழக்கு மேற்காக சுமார் 260 கிலோமீட்டர் நீளம். அகலம் சில இடங்களில் 60 கிலோமீட்டர், இயராபெத்ரா பக்கம் 12 கிலோமீட்டர்தான். ஹெராக்லியோன், ஹனியா விமான நிலையங்கள், பெரும்பாலான பெரிய ஊர்கள், தீவின் முக்கிய நெடுஞ்சாலை எல்லாமே வடகரையில் இருக்கின்றன. தெற்கே லிபியக் கடல். அங்கே மலைகள் நேராகக் கடலுக்குள் இறங்குகின்றன. மேற்கே வெண்மலைகளும் நடுவே ப்ஸிலோரீத்திஸ் மலையும் 2,450 மீட்டரைத் தாண்டியவை.

அதனால் தென்கரையை ஒட்டி ஒரே சாலையில் ஓட்டிக்கொண்டே போக முடியாது. ஒரு கரையில் குளித்துவிட்டு அடுத்த கரைக்குப் போக வேண்டுமா? வரைபடத்தில் ஐந்து கிலோமீட்டர் என்று தெரியும். ஆனால் மறுபடி மலையேறி, உள்நாட்டுச் சாலையைப் பிடித்து, அடுத்த பள்ளத்தாக்கு வழியாக இன்னொரு தடவை இறங்க வேண்டும். அந்த ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகலாம்.

தென்கரை அமைதியாக இருப்பதற்குக் காரணமே இந்த ஏற்ற இறக்கம்தான். எனவே திட்டம் போடும்போது ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு ஓர் இறக்கம். காலையில் ஒரு பள்ளத்தாக்கில் இறங்குங்கள், நாள் முழுக்க அங்கேயே இருங்கள், வெளிச்சம் இருக்கும்போதே ஏறி வாருங்கள். ஒரே நாளில் மூன்று கரை பார்க்கலாம் என்று கிளம்பியவர்கள் கடலைவிட கண்ணாடி வழியாகப் பாறையைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள்.

எந்த மாதம்

மே கடைசி முதல் ஜூன் பாதி வரை ஒரு நல்ல காலம். செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை அதைவிட நல்ல காலம், ஏனென்றால் கோடை முழுக்க வெயிலில் கிடந்த கடல் அப்போது 24, 25 டிகிரி வெதுவெதுப்பில் இருக்கும். மே மாதத்தில் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நம்மில் பலருக்கு அது குளிர். ஆனால் மலையெல்லாம் பூ.

ஆகஸ்டைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அதிலும் ஆகஸ்ட் 15 மாதாவின் பெருவிழா. கிரேக்கர்கள் குடும்பம் குடும்பமாக ஊருக்கும் கடலுக்கும் போகும் நாள் அது. அக்டோபர் முடிந்ததும் தென்கரையின் சிறிய உணவகங்களும் அறைகளும் மூடத் தொடங்கிவிடும். மழைக்காலமும் வந்துவிடும்.

லைசென்ஸும் காரும்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் லைசென்ஸ் கையில் இருந்தால் அதுவே போதும். இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகம் வழியாக இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓராண்டுக்குச் செல்லும். இலங்கையில் இதை ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் தருகிறது. பெர்மிட்டுடன் அசல் லைசென்ஸையும் சேர்த்துக் காட்ட வேண்டும், ஒன்று இல்லாமல் மற்றொன்று உதவாது.

கார் சின்னதாக இருக்கட்டும். மலைக் கிராமங்களின் சந்துகளில் இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கிக்கொண்டு போகவேண்டிய இடங்கள் உண்டு. பெரிய ஜீப் எடுத்தால் பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் அந்தச் சந்துகளில் அதுவே தொல்லை. இங்கே வாடகைக் கார்களில் பெரும்பாலானவை கியர் வண்டிகள். ஆட்டோமேட்டிக்தான் ஓட்ட வரும் என்றால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

கிரேக்கத்தில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன, ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். கியரை வலது கையால் மாற்ற வேண்டும். இந்தியாவில் ஓட்டிப் பழகியவர்கள் முதல் நாள் இண்டிகேட்டர் போட நினைத்து வைப்பரைப் போடுவது சகஜம், இரண்டு நாளில் சரியாகிவிடும். தவறு நடப்பது நெரிசலில் இல்லை. ஆளில்லாத இடத்தில்தான் நடக்கும். கடற்கரையிலிருந்து, பெட்ரோல் பங்கிலிருந்து காலி ரோட்டில் ஏறும்போது கை பழைய பழக்கத்துக்குப் போய்விடும். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் "வலது" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். எங்கள் வீட்டில் அது என் மகளின் பொறுப்பு.

வந்து இறங்கிய இரவே மலை தாண்ட வேண்டாம். முதல் இரவு வடகரையில் தூங்கி எழுந்து, காலையில் கிளம்புங்கள்.

இன்ஷூரன்ஸை வரி விடாமல் படியுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது. பல ஒப்பந்தங்களில் "முழு இன்ஷூரன்ஸ்" என்று மேலே எழுதியிருக்கும். கீழே போனால் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி ஆகியவை அதில் சேராது என்றிருக்கும். இன்னும் கீழே, தார் போடாத ரோட்டில் ஓட்டினால் எதுவுமே செல்லாது என்றிருக்கும். தென்கரையில் சேதம் வருவதே அந்த மூன்று இடங்களில்தான். மண் ரோட்டுக் கற்கள் டயரைக் கிழிக்கும், அடியில் அடிக்கும்.

எங்களுக்கே ஒருமுறை மண் ரோட்டில் பக்கவாட்டில் டயர் கிழிந்தது. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை, காற்றடிக்கும் பாட்டில் மட்டும் இருந்தது. பக்கவாட்டுக் கிழிசலுக்கு அந்தப் பாட்டில் பயன்படாது. மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருந்தோம், டயருக்கும் நாங்களே பணம் கட்டினோம். அதிலிருந்து சாவி வாங்கும்போதே மூன்று கேள்வி கேட்டுவிடுவேன்: ஸ்டெப்னி இருக்கிறதா? டயரும் அடிப்பகுதியும் இன்ஷூரன்ஸில் சேருமா? எந்தெந்த ரோட்டில் போகக் கூடாது? பதிலை ஒப்பந்தத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காரை நாலு பக்கமும், சக்கரங்களையும், எரிபொருள் முள்ளையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மண் ரோட்டுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்றால் மண் ரோட்டில் போகாதீர்கள். தார் ரோட்டிலேயே போய்ச் சேரக்கூடிய அமைதியான கரைகள் ஒரு வாரத்துக்கு மேலேயே இருக்கின்றன. கீழே நான் சொல்லும் மூன்று இடங்களும் அப்படிப்பட்டவைதான்.

பெட்ரோல் போடும் முன் ஒரு வார்த்தை

கிரேக்க மொழியில் "பெத்ரேலயோ" என்றால் டீசல். நம் காதில் பெட்ரோல் என்று விழும். பெட்ரோலுக்கு அவர்கள் சொல்லும் பெயர் "வென்ஸீனி", ஈயம் கலக்காதது "அமோலிவ்தி". பெரும்பாலான பங்குகளில் ஆள் வந்துதான் போடுவார். எனவே வாயைத் திறந்து "பெட்ரோல்" என்று சொல்வதைவிட, டேங்க் மூடியின் உட்பக்கம் ஒட்டியிருப்பதை அவருக்குக் காட்டுவது நல்லது.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாலையிலும் கிராமத்துப் பங்குகள் மூடியிருக்கலாம். ஸ்பீலி, மீரெஸ், இயராபெத்ரா, சித்தியா போன்ற ஊர்களைக் கடக்கும்போது பாதி டேங்க் இருந்தாலும் நிரப்பிக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வண்டி நீங்கள் நினைப்பதைவிட அதிகம் குடிக்கும்.

ரோட்டின் பழக்கவழக்கங்கள்

வடக்கு நெடுஞ்சாலையில் முதல் அரை மணி நேரம் குழப்பமாக இருக்கும். மெதுவாகப் போகிறவர்கள் வலப்பக்க ஓரக் கோட்டைத் தாண்டி, பாதி வண்டியை ஓரத்தில் வைத்து ஓட்டுவார்கள், பின்னால் வருபவர் முந்திப் போவார். இது அங்கே எல்லோரும் செய்வது. ஓரம் காலியாகவும் பார்வை தெளிவாகவும் இருந்தால் மட்டும் நீங்களும் ஒதுங்குங்கள். எதிரே வருபவர் ஹெட்லைட்டை மின்னினால் "நான் வருகிறேன், நில்" என்று பொருள். தமிழ்நாட்டில் ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை. லண்டனில் ஓட்டிப் பழகியவர்கள்தான் "நீங்கள் போங்கள்" என்று எடுத்துக்கொண்டு முன்னே போய்விடுவார்கள், கவனம்.

மலை ரோட்டில் நம் ஊர் டிரைவர்கள் சொல்லும் பாடமே போதும்: எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில் இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு பத்து கிலோமீட்டர் இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். மறைவான வளைவில் சின்னதாக ஹாரன் கொடுங்கள். வளைவு திரும்பியதும் ரோட்டு நடுவில் ஆடுகள் நிற்கும், சாயங்காலத்தில் சூடான தாரில் படுத்தும் கிடக்கும். மழைக்குப் பிறகு மேலிருந்து கற்கள் விழுந்திருக்கும். இருட்டிய பிறகு மலையில் ஓட்ட வேண்டாம் என்பதற்கு இவை போதும்.

வழியில் ரோட்டோரம் கம்பத்தின் மேல் சின்னஞ்சிறு தேவாலயங்கள் தென்படும். தகரத்திலோ கல்லிலோ செய்தவை, உள்ளே ஒரு எண்ணெய் விளக்கும் ஒரு புனிதர் படமும் இருக்கும். அவற்றில் பல, அந்த இடத்தில் விபத்தில் இறந்தவருக்காகக் குடும்பம் வைத்தவை. சில, உயிர் பிழைத்தவர் நன்றியாக வைத்தவை. எதுவானாலும், ஒரு வளைவில் அப்படி ஒன்றைப் பார்த்தால் வேகத்தைக் குறையுங்கள். அந்த வளைவைப் பற்றி எந்தப் பலகையும் அதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

கூகுள் மேப்பை நம்பலாம், ஆனால் பாதி. அது குறுக்கு வழி என்று ஆலிவ் தோப்புக்குள்ளோ, கிராமத்துப் படிக்கட்டுக்குப் பக்கத்திலோ கொண்டு போய் நிறுத்தும். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். சந்தேகம் வந்தால் கிராமத்துக் காப்பிக்கடை முன்னால் நிறுத்தி, கரையின் பெயரைச் சொல்லி "ஹொமத்தோத்ரொமோஸ்?" என்று கேளுங்கள். மண் ரோடு என்று பொருள். அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர் உங்கள் காரின் சக்கரத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலை நம்புங்கள்.

மண் ரோட்டில் போக அனுமதி இருந்தாலும், பள்ளம் ஆழமாகத் தெரிந்தால் ஒருவர் இறங்கி நூறடி நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். திரும்ப வளைக்க இடம் இருக்கும்போதே முடிவு எடுங்கள்.

காலையில் முதலில் காற்றைப் பாருங்கள்

ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடல் முழுக்க வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று வீசும். பால்கன் பக்கம் காற்றழுத்தம் அதிகம், துருக்கிப் பக்கம் குறைவு, அதனால் வருவது அது. அந்தக் குறைந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நமக்குப் பருவமழையைக் கொண்டுவரும் தெற்காசியத் தாழ்வழுத்தத்தின் மேற்குக் கோடி அது. தென்மேற்குப் பருவமும் மெல்தெமியும் ஒருவகையில் உறவுக்காரர்கள்.

பயணிக்கு இதனால் என்ன? வடக்குக் காற்று அடிக்கும் நாளில் வடகரையில் அலை கொந்தளிக்கும், தென்கரையில் கடல் குளம்போலக் கிடக்கும். அதே நேரம் மலையைத் தாண்டி வரும் காற்று பள்ளத்தாக்குகள் வழியாகக் கீழே பாய்ந்து, சில தென்கரைகளில் மணலை முகத்தில் அறையும். பிளாகியாஸ் ஊர் இதற்குப் பெயர் பெற்றது. தெற்கிலிருந்து காற்று வந்தால் எல்லாம் தலைகீழ். அன்று வடக்கே போங்கள்.

வானிலைச் செயலியில் காற்றை "போஃபர்" அளவில் சொல்வார்கள். நான்கு வரை கவலையில்லை. ஐந்துக்கு மேல் போனால், திறந்த கரையை விட்டுவிட்டு, பாறை அணைத்த சின்ன குடாவாகப் பார்த்துப் போங்கள். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று கடலைச் சாதுவாகக் காட்டும், ஆனால் காற்றடைத்த மிதவையை நிமிடங்களில் ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். அப்படிப்பட்ட நாளில் குழந்தைகளுக்கு மிதவை கொடுக்கவே வேண்டாம்.

முதல் பயணத்துக்கு மூன்று இடங்கள்

திரியோபெத்ராவிலிருந்து தொடங்குங்கள். ரெத்திம்னோவிலிருந்து ஸ்பீலி வழியாக அகூமியா கிராமம், அங்கிருந்து தெற்கே இறக்கம். ஸ்பீலியில் சிங்கத் தலைகள் வரிசையாக நீரைக் கொட்டும் பழைய ஊற்று ஒன்று இருக்கிறது, பாட்டில்களை அங்கே நிரப்பிக்கொள்ளலாம். கீழே இறங்கியதும் கடலுக்குள் மூன்று பாறைகள் நிற்கும். ஊரின் பெயரே அதுதான்: "திரியா" மூன்று, "பெத்ரா" பாறை. பாறைகளுக்கு ஒரு பக்கம் நீண்ட திறந்த கரை, மறுபக்கம் சின்ன கரையும் ஓரிரு உணவகங்களும். நீண்ட கரையில் நடந்துகொண்டே இருந்தால் ஓரிடத்தில் மனிதக் குரலே கேட்காது. இங்கே இரண்டு இரவு தங்குவது என் சிபாரிசு. ஒருநாள் பக்கத்திலுள்ள அயியோஸ் பாவ்லோஸ் மணல்மேடுகளுக்குப் போகலாம். மேட்டிலிருந்து இறங்குவது சுலபம், வெயிலில் திரும்ப ஏறுவது கஷ்டம். காலையிலேயே போய்விடுங்கள்.

அடுத்தது மெஸாரா சமவெளியின் மேற்கு முனையில் கொம்மோஸ். கூட்டம் முழுக்கப் பக்கத்து ஊரான மாத்தலாவின் குகைகளைப் பார்க்கப் போய்விடும், அதற்கு வடக்கே இந்த நீண்ட மணற்கரை விரிந்து கிடக்கும். பிட்சீதியா கிராமத்தில் தங்கினால் பக்கம். கரையை ஒட்டியே 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய மினோவன் (கிரீட்டின் பண்டைய நாகரிகம்) துறைமுகத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. 1976 முதல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் ஷா தலைமையில் தோண்டி எடுத்தது. உள்ளே விடமாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். கப்பல்களை இழுத்து நிறுத்தப் பெரிய கொட்டகைகள் கட்டியிருந்தார்கள் என்கிறார்கள். நனைந்த தலையோடு அங்கே நின்று, அதே கடலைப் பார்க்கும்போது ஏற்படும் உணர்வு எந்த அருங்காட்சியகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கொம்மோஸில் பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. கோடையில் மணலில் கூடு இருக்கும் இடங்களைச் சட்டகம் வைத்து அடையாளம் செய்திருப்பார்கள். அதற்குப் பக்கத்தில் குடைக்கம்பை ஊன்றாதீர்கள். இரவில் டார்ச் அடிக்காதீர்கள், குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் தவறான பக்கம் போய்விடும். மேற்கு நோக்கிய கரை என்பதால் மதியத்துக்கு மேல் அலை எழும். குளியலைக் காலையில் முடித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து ஒரு நாள் கலி லிமெனெஸுக்குப் போய் வரலாம். தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இந்த இடம் தெரியும்: அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில் பவுலின் கப்பல் ஒதுங்கிய "நல்ல துறைமுகம்". எதிரே தீவில் எண்ணெய்த் தொட்டிகள் நிற்பதால் படத்துக்கு அழகாக இராது. அதனாலேயே ஆட்கள் குறைவு.

மூன்றாவது, தீவின் தென்கிழக்கு மூலையில் க்ஸெரோகம்போஸ். சித்தியாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல். ஸீரோஸ் வழியாக வந்தால் கடைசி இறக்கத்தில் கடல் முழுக்கக் கீழே விரியும். அங்கே ஒரு பெரிய மணற்கரையும், நடந்தே போகக்கூடிய பல சின்னக் குடாக்களும் இருக்கின்றன. ஒன்றில் ஆள் இருந்தால் அடுத்ததுக்கு நடங்கள். வங்கி, பெரிய கடை எதுவும் எதிர்பார்க்காதீர்கள், சித்தியாவிலேயே ரொக்கமும் சாமானும் எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே காத்தோ ஸாக்ரோஸில் 1961இல் நிக்கோலாஓஸ் பிளாத்தோன் தோண்டத் தொடங்கிய மினோவன் அரண்மனை இருக்கிறது. காற்று பலமான நாளுக்கு நல்ல மாற்று.

கரையில்

ஆளில்லாக் கரை என்றால் உயிர்காப்பாளரும் இல்லை, நிழலும் இல்லை, குழாயும் இல்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கம்பு நன்றாக இறங்கும் குடை, பாறையில் நடக்க ரப்பர் செருப்பு. பாறை இடுக்கில் கடல் முள்ளெலிகள் இருக்கும், முள் ஏறினால் இரண்டு நாள் நடக்க முடியாது. தென்கரையில் பல இடங்களில் நாலடி வைத்ததும் ஆழம். நீச்சல் தெரியாதவர்கள் முதலில் கரையை ஒட்டி நடந்து பார்த்துவிட்டு இறங்குங்கள். கடல் ஏறி இறங்கும் ஓதம் இங்கே இல்லை என்றே சொல்லலாம், காலையில் விரித்த பாய் மாலையிலும் நனையாது. அவசரத்துக்கு 112, கடலோரக் காவலுக்கு 108.

தனிமையான கரைகளின் ஓரங்களில் சிலர் உடையின்றிக் குளிப்பதும் உண்டு. குடும்பத்தோடு போகும்போது சங்கடமாக இருந்தால் கொஞ்சம் தள்ளி உட்காரலாம். முறைத்துப் பார்ப்பதும் படம் எடுப்பதும் கூடவே கூடாது.

கிரேக்கத்தில் கடற்கரை எல்லோருக்கும் பொது. குடை போட்டவர் "இது எங்கள் இடம்" என்று சொல்ல முடியாது. 2024இல் 198 கரைகளை "தீண்டப்படாதவை" என்று பட்டியலிட்டு, அங்கே குடை, சாய்நாற்காலி வாடகைக்கு விடுவதையே அரசு தடை செய்தது. ஆனால் சட்டம் நமக்கும் உண்டு. மணலில் வண்டியை இறக்கக் கூடாது, கூடாரம் அடிக்கக் கூடாது, மணலோ கூழாங்கல்லோ எடுத்து வரக் கூடாது, கோடையில் தீ மூட்டவே கூடாது. குப்பைக்கு ஒரு பை உங்கள் காரிலேயே இருக்கட்டும். அங்கே கிடக்கும் வேறொருவரின் பாட்டிலையும் சேர்த்து எடுத்து வந்தால் இன்னும் நல்லது.

சாப்பாடு

சைவம் சாப்பிடுபவர்கள் கிரீட்டில் பட்டினி கிடக்க மாட்டார்கள். "லதெரா" என்று கேளுங்கள், ஆலிவ் எண்ணெயில் வெந்த காய்கறி வகைகள். "ஹோர்தா" என்பது மலைக்கீரை, எலுமிச்சை பிழிந்து வரும். காரில் வைத்துக்கொள்ள "பக்ஸிமாதி" என்ற பார்லி ரஸ்க் வாங்குங்கள், வெயிலில் கெடாது. நீரில் லேசாக நனைத்து மேலே தக்காளியும் வெண்ணிறப் பாலாடைக்கட்டியும் வைத்தால் அதுவே "டாகோஸ்".

சாப்பிட்டு முடித்ததும் கேட்காமலே சின்னக் குப்பியில் ராக்கி என்ற சாராயம் வரும். அது அன்பளிப்பு, மறுத்தால் மனம் வருந்துவார்களோ என்று தயங்க வேண்டாம். "ஒதிகோ" என்று சொல்லுங்கள், நான் ஓட்டுகிறேன் என்று பொருள். உடனே புரிந்துகொண்டு தர்பூசணித் துண்டு கொண்டுவருவார்கள்.

கடைசி நாள்

விமானத்துக்கு முந்தைய இரவே வடகரைக்கு ஏறி வந்துவிடுங்கள். க்ஸெரோகம்போஸிலிருந்து ஹெராக்லியோன் வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஒரு லாரியோ ஆட்டுமந்தையோ வந்தால் இன்னும் கூடும். டேங்கை ஒப்பந்தத்தில் சொன்ன அளவுக்கு நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கால்மிதிகளை உதறுங்கள். காரை ஒப்படைக்கும் முன் முதல் நாள் எடுத்த அதே வரிசையில் இன்னொரு வீடியோ எடுத்து, இரண்டையும் டெபாசிட் திரும்பி வரும்வரை அழிக்காமல் வையுங்கள்.